செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்

"சும்மா வீட்ட சரி பண்ணிக் குடுக்குறாங்க. அதுலயும் போயி மரியாத இல்லன்னு கொற சொன்னா எப்படிக்கா?" என்று கேட்டாய், தம்பி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியையும் கூடவே எடுத்துவிட்டாய். நீ கேட்டதில் தப்பில்லை. நம் சிலாங்கூரில் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தகரம் ஓட்டையாகி, மழைக்கு வாளி வைத்துவிட்டுத் தூங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூரையை ஒருவர் வந்து மாற்றிக் கொடுத்தால் அது பெரிய காரியம். அதைச் செய்கிற தச்சரையும் வயரிங்காரரையும், லீவு போட்டுவிட்டு வந்து சாயம் அடிக்கிற பிள்ளைகளையும் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனாலும் டிவியில் வருகிற வீடு மாற்றும் நிகழ்ச்சிகளில் பெரிய மரியாதைக் குறைவு இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன், இன்னொரு தேத்தண்ணி சொல்லு.

யாரும் யாரையும் அதில் திட்டுவதில்லை. நீ பார்த்த நிகழ்ச்சியிலும் தொகுப்பாளர் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட்டார், குனிந்து கையைப் பிடித்துக்கொண்டார், கூடவே அழவும் செய்தார். அவர் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மரியாதைக் குறைவு அவர் நாக்கில் இல்லை. அந்த வேலை நடக்கிற முறையில் இருக்கிறது. யாரைக் கேட்டார்கள், எதைக் காட்டினார்கள், எதை லாரியில் ஏற்றினார்கள், எத்தனை தடவை அழச் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது. டிவியில் நாற்பது நிமிடம் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் பெரியம்மா வீட்டில் நான் பார்த்தேன். எந்த நிலையம், எந்த நிகழ்ச்சி என்பது வேண்டாம். பெரியம்மா தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, தோட்டம் கைமாறிய பிறகு தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர். படப்பிடிப்பு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் நாள் ராத்திரி முழுக்க வேலை செய்தார். எவர்சில்வர் பானை, குடம், தூக்குச் சட்டி எல்லாவற்றையும் இறக்கி, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துடைத்து, அளவு பார்த்துப் பலகையில் கவிழ்த்து வைத்தார். தரையை மூன்று தடவை துடைத்தார். சாமி மேடைக்குப் புதுத் துணி விரித்தார். விருந்தாளி வருகிறார் என்றால் தோட்டத்துப் பெண்பிள்ளை செய்கிற வேலை அது. வீடு சின்னதாக இருக்கலாம், கூரை ஒழுகலாம், ஆனால் என் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று சொல்கிற பெருமை.

காலையில் வந்தவர்கள் அந்தப் பாத்திரங்களைப் பார்த்தார்கள். 'இவ்வளவு சுத்தமா இருந்தா கஷ்டம் தெரியாதும்மா' என்று ஒரு பெண் மிகவும் மென்மையாகச் சொன்னார். நாலைந்தைக் கழுவாத மாதிரி தொட்டியில் போட்டு வைக்கச் சொன்னார். பெரியம்மா என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தேய்த்து வைத்த பானையை எடுத்துத் தொட்டியில் வைத்து, அதில் கொஞ்சம் பழைய சோற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று நடந்ததில் என் மனதில் மிகவும் பதிந்தது அதுதான். கூடத்து விளக்கை அணைத்தார்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். பின்னால் முருங்கைக்குப் பக்கத்தில் கிடந்த உடைந்த நாற்காலியை உள்ளே கொண்டுவந்து போட்டார்கள். அத்தனை பேரும் காலில் சப்பாத்தோடு நடந்தார்கள். கேபிள், விளக்கு, ஏணி என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குச் சப்பாத்து வேண்டும்தான். ஆனால் மலாய்க்காரர் வீடானாலும், சீனர் வீடானாலும், நம் வீடானாலும் இந்த நாட்டில் வாசலில் கழற்றாமல் யாரும் உள்ளே போவதில்லை. சாமி மேடைக்கு முன்னால் சப்பாத்துக் காலோடு நின்று ஒருவர் கோணம் பார்த்தார். "கொஞ்சம் கழட்டிட்டு வரீங்களா" என்று கேட்கப் பெரியம்மாவுக்கு வாய் வரவில்லை. வாங்குகிற இடத்தில் நிற்கிறோம் என்கிற நினைப்பு அவர் வாயைக் கட்டிவிட்டது.

இதற்குக் காரணம் அந்தப் பிள்ளைகளின் கெட்ட குணமில்லை, தம்பி. அந்த நிகழ்ச்சி நிற்பதே இரண்டு படங்களின் மேல்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் வருவது பளிச்சென்று தெரிய வேண்டுமானால் முன்னால் உள்ளது இருட்டாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் நாம் 'ஆ' என்கிறோம். அதற்குத்தான் விளம்பரக்காரர் காசு கொடுக்கிறார். ஆக, வீட்டுக்காரி எவ்வளவு நேர்த்தியாக வைத்திருந்தாலும் அந்த நேர்த்தியைக் கலைத்தால்தான் கதை நடக்கும். அவள் இத்தனை வருடம் அந்த ஓட்டை வீட்டை மானமாக நடத்திய சாமர்த்தியம் திரையில் வந்துவிட்டால், உதவி செய்ய வருகிறவரின் சாமர்த்தியம் குறைந்துபோகும். அதனால் அது வெட்டப்படுகிறது.

அடுத்தது ஆச்சரியம். வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரியாமல் வேலையை முடித்து, கண்ணைக் கட்டிக் கூட்டி வந்து திறந்து காட்ட வேண்டும். அந்த ஒரு முகபாவத்துக்காக, 'அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும், சாமி எந்தத் திசை பார்க்க வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிடுகிறார்கள். கேட்டுவிட்டால் ஆச்சரியம் போய்விடும். பெரியம்மா திரும்பி வந்தபோது அவருடைய அம்மி இல்லை. அவர் மாமியார் கையில் அரைத்த அம்மி. லாரியில் போய்விட்டது. பெரியப்பா படம் கூடத்துச் சுவரில் இல்லை. சுவரின் புது நிறத்துக்கு அந்தச் சட்டம் ஒத்துவரவில்லை என்று கழற்றி, குளியலறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தார்கள். திறந்து காட்டிய அந்த நிமிடத்தில் பெரியம்மா அழுதார். டிவியில் அதைப் பார்த்த ஊரெல்லாம் சந்தோஷக் கண்ணீர் என்றது. ஒரு தடவை அழுதது சரியாகப் பதிவாகவில்லை என்று மறுபடியும் கதவு வழியாக நடந்து வரச் சொன்னார்கள். வந்தார். நன்றியும் சொன்னார். வீடு நன்றாகத்தான் இருந்தது, கூரை இன்றுவரை ஒழுகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்பது மட்டும்தான் அவர் பிற்பாடு என்னிடம் சொன்ன குறை.

அந்த ஒரு வார்த்தைக்கு இந்த மண்ணில் எவ்வளவு பழைய கணக்கு இருக்கிறது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மலாயாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம் நம் கோல சிலாங்கூர் பக்கத்துத் தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. அவர் பிற்பாடு மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். அவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இருந்த லயம் யாருடையது? கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரை வீடு, வேலை போனால் வீடும் போச்சு. ஆணி அடிக்க வேண்டுமானாலும் கொட்டகை இறக்க வேண்டுமானாலும் ஆபீசில் கேட்க வேண்டும். கிராணி வரலாம், கங்காணி வரலாம், துரை வரலாம். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயமில்லை. நம் சொந்தக்காரர் வெளியூரிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்குவதற்குத்தான் அனுமதி வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலை நிறுத்தத்தைக் கேள்விப்பட்டிருப்பாய். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் எழுப்பிய போராட்டம் அது. கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியது. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள், சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்தார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பள்ளிப் புத்தகத்தில் இதையெல்லாம் சம்பளப் போராட்டம் என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். சம்பளமும் இருந்தது, உண்மை. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலை முழுக்கப் படித்துப் பார். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, கொடுமைக்கார மேலாட்களை நீக்குவது. அதே தாளில் இன்னும் இரண்டு. உற்றார் உறவினர் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக விட வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக விட வேண்டும்.

சைக்கிளில் உட்கார்ந்தே போக வேண்டும் என்று கேட்பதற்கா பட்டாளத்தின் முன்னால் நின்றார்கள் என்று உனக்குத் தோன்றலாம். ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான் நின்றார்கள். அரை வயிற்றுக் கஞ்சிக்காரர்கள் கூலியையும் மரியாதையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 'முதலில் கூலி வரட்டும், மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவர்கள் வரிசை போடவில்லை. அதனால்தான், 'வீடு கிடைக்கிறதே, மரியாதை எதற்கு' என்று நீ கேட்டபோது உன் கேள்விக்கு உன் பாட்டன் காலத்திலேயே பதில் எழுதிவைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம் வீடுகளில் இந்தக் கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை, அதுதான் வருத்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் லயத்து வீடு தொழிலாளியின் வீடாகிவிடவில்லை. பெஸ்தாரி ஜெயா, அப்போது பத்தாங் பெர்ஜுந்தை, அதைச் சுற்றியுள்ள மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் கதை உனக்கே தெரியும். தோட்டம் கைமாறிய பிறகு இருநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்தார்கள். மனு, கூட்டம், புத்ராஜெயா வாசலில் நிற்பது என்று ஒரு தலைமுறையே கழிந்தது. தெற்கே டெங்கிலில் இன்னொரு கதை. புத்ராஜெயா கட்டுவதற்காக நான்கு தோட்டங்களைக் காலி செய்த குடும்பங்களுக்குத் தாமான் பெர்மாத்தாவில் அடுக்குமாடி கொடுத்தார்கள். சுவர் வெடித்து, அதிலேயே பல வருடம் குடியிருந்தார்கள். இப்படி வீட்டைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும் வேறு யாரோ எடுத்து, 'இந்தா' என்று கையில் கொடுத்த அனுபவம்தான் நம்மவர்களுக்கு மூன்று தலைமுறையாக இருக்கிறது. டிவிக்காரர் வந்து கண்ணைக் கட்டி, 'ஆச்சரியம்' என்று திறந்து காட்டும்போது அதே பழைய முறை புதுச் சாயம் அடித்துக்கொண்டு வருகிறது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது விளையாட்டாக இருக்கலாம். பெரியம்மாவுக்கு அது தெரிந்த வலி.

வெளிநாட்டிலும் இப்படித்தானா என்று கேட்டால், இந்த வகை நிகழ்ச்சி பிறந்ததே அங்கேதான். 1996இல் பிபிசி 'சேஞ்சிங் ரூம்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கி 2004 வரை நடத்தியது. அக்கம்பக்கத்து இரண்டு குடும்பங்கள் வீடு மாற்றிக்கொண்டு, ஒருவர் அறையை இன்னொருவர் அலங்காரக்காரரோடு சேர்ந்து மாற்றுவார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்மணி ஆசையாகச் சேர்த்து வைத்த பழங்காலத் தேநீர்க் கெண்டிகளைத் தொங்கும் பலகையில் அடுக்கினார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பலகை சரிந்து கெண்டிகள் நொறுங்கின. அது இன்றும் அந்த நாட்டில் டிவியின் மறக்கமுடியாத காட்சிகளில் ஒன்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அதே முறையை எடுத்து அமெரிக்காவில் 2000இல் வந்தது 'டிரேடிங் ஸ்பேசஸ்'. ஒருவர் வீட்டுச் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண்மணி செங்கல் வைத்த கணப்பை மட்டும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அலங்காரக்காரர் அதைப் பலகை வைத்து மூடினார். அந்தப் பெண்மணி கேமராவை விட்டு விலகிப் போய், இன்னோர் அறையில் நின்று அழுதார். சட்டையில் குத்தியிருந்த மைக் அணைக்கப்படவில்லை. அந்த அழுகுரலை அப்படியே ஒளிபரப்பினார்கள். அவர் கேமராவை விட்டு விலகியதே 'என்னைப் பார்க்காதீர்கள்' என்று சொல்வதற்குத்தான். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

அவர்களாவது வசதி உள்ளவர்கள். ஏழைகளையும் நோயாளிகளையும் வைத்து நடந்தது 'எக்ஸ்ட்ரீம் மேக்கோவர்: ஹோம் எடிஷன்'. ஏபிசி நிலையம் 2003இல் ஆரம்பித்து 2012 வரை நடத்தியது. குடும்பத்தைச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு, பழைய வீட்டை இடித்து, ஏழே நாளில் மாளிகை மாதிரி ஒன்றைக் கட்டி, முன்னால் பஸ்ஸை நிறுத்தி மறைத்து, பிறகு பஸ்ஸை நகர்த்திக் காட்டுவார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் நல்லது நடந்தது. ஆனால் 2006இல் ஒரு மின்னஞ்சல் வெளியே வந்தது. நிகழ்ச்சிக்கு எப்படிப்பட்ட குடும்பங்கள் வேண்டும் என்று உள்ளூர் நிலையங்களுக்குப் போன கடிதம். வலியே தெரியாத பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளை, சின்ன வயதிலேயே முதுமை வந்துவிடும் நோய் உள்ள பிள்ளை, குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் என்று ஒரு பட்டியல். அதில் சில நோய்கள் நாட்டில் சில பேருக்கே இருப்பவை. உங்கள் ஊரில் ஒருவர் கிடைத்தால் சொல்லுங்கள் என்ற தோரணையில் அது எழுதப்பட்டிருந்தது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒருவர் பிள்ளையின் நோயைப் பொறுக்கியிருக்கிறார்கள். கேமராவுக்கு முன்னால் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அந்தக் குடும்பம் தேர்வான விதத்தை அந்தக் கனிவு துடைத்துவிடாது.

பிற்பாடு வந்த சங்கடமும் உண்டு. வீடு பெரிதானதும் வரி ஏறியது, மின்கட்டணம் ஏறியது. ஜார்ஜியா மாநிலத்தில் 2005இல் கட்டிக் கொடுத்த பெரிய வீடு ஒன்று அதன் மேல் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் 2008இல் ஏல அறிவிப்புவரை போனது. குடும்பத்தைக் குறை சொல்லிப் பேசினவர்கள் நிறைய. மாதம் எவ்வளவு செலவாகும், உங்களால் தாங்க முடியுமா என்று கட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதும் மரியாதைதான். அந்தப் பேச்சு டிவியில் எடுபடாது.

இதே வேலையை வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு ஜப்பானைச் சொல்வேன். ஒசாக்காவின் அசாஹி நிலையம் 2002இல் தொடங்கிய 'பிஃபோர் ஆஃப்டர்' நிகழ்ச்சி. நெருக்கடியான, படி ஏற முடியாத, பாட்டி வழுக்கி விழுகிற வீடுகளைக் கட்டடக் கலைஞர் ஒருவர் மாற்றிக் கட்டுவார். அங்கேயும் கண்ணீர் உண்டு, இசை உண்டு, கடைசியில் திறந்து காட்டுவதும் உண்டு. ஆனால் கலைஞர் முதலில் வீட்டில் உட்கார்ந்து அந்தக் குடும்பம் எப்படி நடக்கிறது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறது, யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்று பார்ப்பார். பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கிற தூண், பலகை, தாத்தா செய்த கதவு ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் புது வீட்டில் மேசையாகவோ சன்னலாகவோ மறுபடி சேர்ப்பார். இறந்துபோனவர் கைபட்ட மரம் வீட்டிலேயே இருக்கும். எல்லா வீட்டிலும் எல்லாம் சரியாக முடிந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அம்மியை லாரியில் ஏற்றுகிற கைக்கும், அதைப் புதுச் சமையலறையில் எங்கே பதிக்கலாம் என்று யோசிக்கிற கைக்கும் உள்ள தூரம் உனக்குப் புரியும்.

இங்கே நம் நாட்டில் டிவி3இன் 'பெர்சமாமு' மாதிரி நிகழ்ச்சிகள் கஷ்டப்படுகிற குடும்பங்களைக் காட்டி நிதி திரட்டிப் பழக்கப்படுத்தின. அந்த நிதியால் மருந்து வாங்கியவர்கள் உண்டு, கூரை போட்டவர்கள் உண்டு. இப்போது அந்தப் பழக்கம் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தீபாவளிக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தாலும் வீடியோ. பெரிய அட்டையில் எழுதிய காசோலையை ஏந்திக்கொண்டு நான்கு பேர் நிற்க, நடுவில் கூனிக் குறுகி ஒரு கிழவி. பள்ளிக்கூடத்தில் அவள் பேரனை மற்ற பிள்ளைகள் அந்த வீடியோவை வைத்தே கேலி செய்வார்கள் என்று கொடுத்தவர் யோசிப்பதில்லை. டிவி நிலையத்திலாவது கேட்க ஓர் ஆபீஸ் இருக்கும். இதில் அதுவும் இல்லை.

கண்ணீர் காட்டாவிட்டால் நன்கொடை வராதே என்பாய். அதுதான் உங்கள் எல்லோருடைய கடைசி வாதம், எனக்குத் தெரியும். நன்கொடையை நம்பியே பிழைக்கிற ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இலேயே உட்கார்ந்து, ஏழை நாட்டு மக்களின் படங்களை எப்படிக் காட்டுவது என்று ஒரு நெறிமுறை எழுதிக்கொண்டன. பரிதாபப் படம் போட்டால் உண்டியல் நிறையும் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார்கள். டிவிக்கும் இப்படி ஒரு விதி வந்திருக்கிறது. பிரிட்டனில் ஒரு பேச்சு நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர் இறந்துபோய், 2019இல் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். பிறகு ஒளிபரப்பு ஆணையமான ஆஃப்காம் 2021 ஏப்ரலில் விதியைத் திருத்தியது. நிகழ்ச்சியில் கலந்துகொள்வதால் பாதிக்கப்படக்கூடியவர்களின் நலனை நிலையம் கவனித்தாக வேண்டும் என்பது இப்போது அங்கே விதி.

நம் சட்டத்திலும் ஒரு நல்ல வரி இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், சட்டம் 446. அதைத் திருத்தி 2020இல் புது விதிமுறைகள் வந்தன. இன்று செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிற இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாள, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். விடுதி அறையில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம், 4 அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு வசதியுள்ள அலமாரி. அந்தப் பூட்டைக் கவனித்தாயா? கடல் தாண்டி வந்து காட்டில் பழம் வெட்டுகிறவனுக்கும் பிறர் கண்ணுக்குக் காட்ட வேண்டாத ஏதோ ஒன்று இருக்கும், அதைப் பூட்டிவைக்க அவனுக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. பெரியம்மா வீட்டில் அலமாரியைத் திறந்து உள்ளே கிடந்த பழைய துணிகளை நெருக்கத்தில் எடுத்தார்கள். அதில் பெரியப்பாவின் வேலைச் சட்டையும் இருந்தது. கிழிந்த துணி என்று மட்டும்தான் டிவியில் தெரிந்தது.

உங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, அவர்களை வேண்டாம் என்று தடுக்காதே. கூரை வேண்டும், கட்டாயம் வாங்கிக்கொள்ளட்டும். நீ கூட இருந்து சிலவற்றை மட்டும் பார்த்துக்கொள். முதலில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேள். கம்பெனி நிலத்திலோ, தற்காலிக அனுமதி நிலத்திலோ எத்தனை அழகாகக் கட்டினாலும் நாளைக்கு எழுந்து போகச் சொன்னால் போக வேண்டியதுதான். கையெழுத்துப் படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும், அவசர அவசரமாக நீட்டுவார்கள். நகல் ஒன்றை வாங்கிக்கொள், இரண்டு நாள் அவகாசம் கேள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டிப் படித்துச் சொல்லச் சொல். எந்தச் சாமானைத் தொடக்கூடாது என்று அந்த வீட்டுப் பாட்டியையே கேட்டு, அவற்றை ஒரு பெட்டியில் போட்டுப் பக்கத்து வீட்டில் வைத்துவிடு. சாமி மேடையும் இறந்தவர் படமும் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே முன்கூட்டிச் சொல்ல வை. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் முகம் வேண்டாம், கக்கூஸ் வேண்டாம், அலமாரி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், அதில் தப்பே இல்லை. மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குகிறவருக்கு 24 மாதம் பழுது பார்த்துத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இவர்கள் கட்டித் தருவதற்கு அப்படி எதுவும் தானாக வராது, ஆகவே ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரும் நம்பரும் எழுத்தில் வாங்கு.

படப்பிடிப்பு அன்று லீவு போட்டுவிட்டு வாசலில் நில். வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல். சிரித்துக்கொண்டே சொல்லலாம், தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சொல்லலாம். கேபிள் இழுக்கச் சப்பாத்து வேண்டும் என்றால், சாமி மேடைப் பக்கம் மட்டும் ஒரு பாயை விரித்து அதற்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல். பாட்டி தேய்த்து வைத்த பாத்திரத்தை யாராவது தொட்டியில் போடச் சொன்னால், அந்த இடத்தில் நீ பேச வேண்டும், தம்பி. அவரால் பேச முடியாது.